நாற்பத்தொன்பது போக ஒன்று

பட்டனைப் பள்ளி டிரில்லிலிருந்து எடுத்துவிட்ட செய்தி தையல் கடைக்கு வந்து சேர்ந்தபோது, அவளுடைய அம்மா ஒரு கோட்டுக் கையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். செய்தியைக் கொண்டுவந்தவளும் பட்டன்தான். பள்ளிப் பையை வெட்டுமேஜைக்கு அடியில் உதைத்துத் தள்ளிவிட்டு, இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“என்னடி, மூஞ்சி இப்படி இருக்கு?”

“என்னை எடுத்துட்டாங்க.”

“எதுலேர்ந்து?”

“டிரில்லேர்ந்து. நான் கூடுதலாம்.”

அம்மா பிரித்துக்கொண்டிருந்த கோட்டுக் கையை அப்படியே மடியில் போட்டாள். கூடுதல் என்ற வார்த்தை அவளுக்குத் துணி விஷயத்தில் மட்டும்தான் பழக்கம். கூடுதல் துணி இருந்தால் உள்ளே மடித்துத் தைப்பாள். பெற்ற பிள்ளையை எங்கே மடித்துத் தைப்பது?

பட்டன் என்பது வீட்டில் விழுந்த பெயர். தவழ்கிற வயதில் கடைத் தரையில் கிடந்த சட்டைப் பட்டன் ஒன்றை விழுங்கி, மொத்தக் குடும்பத்தையும் ஆஸ்பத்திரிக்கு ஓடவைத்தவள். பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் பிள்ளை பெயருக்கு அடங்காமல் வளர்ந்துவிட்டாள். அவள் வகுப்பில் மற்ற பெண்களின் தலை அவள் தோளுக்குத்தான் எட்டும். உயரம் அம்மா வழிச் சொத்து. பாதி ஏற்றிய ஷட்டருக்கு அடியில் அம்மா தினமும் குனிந்துதான் கடைக்குள் நுழைவாள். எந்தக் குரூப் போட்டோவாக இருந்தாலும் முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டுதான் நிற்பாள். பழகிப்போன விஷயம், யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளியின் விளையாட்டு விழா டிரில் என்றால் ஊரே மைதானத்துக்கு வரும். அதை நடத்துகிற விளையாட்டு ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் விசில் மாஸ்டர். சாப்பிடும்போது மட்டும்தான் வாயிலிருந்து விசிலை எடுப்பார் என்பார்கள். அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு, சதுரப் பைத்தியம். முதலில் ஒரே ஒரு பெண் வந்து மைதானத்தில் நிற்பாள். எல்லோரும் “ஒண்ணு!” என்று கத்துவார்கள். மூன்று பேர் ஓடிவந்து அவளுக்குப் பின்னாலும் பக்கத்திலும் ஒட்டிக்கொள்வார்கள். “நாலு!” அடுத்து ஐந்து பேர் வந்து இரண்டு பக்கமும் வளைத்து நிற்பார்கள். “ஒம்பது!” அப்புறம் ஏழு பேர், ஒன்பது பேர், பதினொரு பேர். சதுரம் கண்ணெதிரே வளர்ந்துகொண்டே போகும். பதினாறு, இருபத்தஞ்சு, முப்பத்தாறு. கடைசியில் பதின்மூன்று பேர் வந்து சேர்ந்தால் ஏழுக்கு ஏழு, நாற்பத்தொன்பது. பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதை மறுக்க முடியாது. மாஸ்டருக்கும் அந்த அழகைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

இந்த வருஷம் அந்தக் கடைசிக் கூட்டத்தில் பதின்மூன்றுக்குப் பதில் பதினாலு பேர் இருந்தார்கள். சதுரம் முடிந்த பிறகும் பின்னால் ஒருத்தி மிச்சம் நின்றாள். விசில் மாஸ்டர் சீட்டு குலுக்கிப் போட்டேன் என்றார். சீட்டை யாரும் பார்க்கவில்லை. விழுந்தது பட்டன் பெயர் என்றார்.

“அவ்வளவுதானா? சீட்டா?”

“அவ்வளவுதான். அம்பது சதுரம் ஆகாதாம்.”

“ஏன் ஆகாது?”

“ஆகாதும்மா. விடு.”

விடுகிற ஆளா அம்மா? டிரில் பாவாடைக்கு அளவெடுத்தவள் அவள். பட்டன் பாவாடை மட்டுமில்லை, அணியில் பாதிப் பேருடைய பாவாடை இந்த மெஷினுக்குத்தான் வந்திருந்தது. அளவு பார்க்கும்போதே மகளிடம், “வரிசையில நிக்கும்போது முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்கோடி, யாருக்கும் தெரியாது” என்று சொல்லியும் அனுப்பியிருந்தாள். பிள்ளையும் வலிக்க வலிக்க அப்படியே நின்றிருக்கிறாள். அதற்கப்புறமும் எடுத்துவிட்டார்கள் என்றால் வயிறு எரியாதா?

ராத்திரிச் சாப்பாட்டில் அவள் கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் டவுன் பஸ் டிரைவர். நாளெல்லாம் ஹாரன் சத்தம் கேட்டுவிட்டு வீட்டில் சத்தமே வேண்டாம் என்று நினைக்கிற மனுஷன்.

“ஒரு டிரில்தானே, அடுத்த வருஷம் சேர்ந்துக்கட்டும்” என்றார்.

“அடுத்த வருஷம் இன்னும் நாலு விரக்கடை வளந்திருப்பா.”

“அதுக்கு நான் என்ன பண்றது? வளராதேன்னு சொல்லவா?”

“நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். உங்களுக்கு பிரேக் போட மட்டும்தான் தெரியும்.”

மறுநாள் காலை கடையைத் திறக்காமலேயே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மைதானத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பட்டன் ஓரத்தில், தண்ணீர்க் குழாயடியில், மற்றவர்களின் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள். பையைக் காவல் காக்க மட்டும் அவள் கூடுதல் இல்லை போலிருக்கிறது. அதைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நேராக நடு மைதானத்துக்கே போனாள்.

“சார், அம்பது பேர் நின்னா என்ன குறைஞ்சு போகுது?”

விசில் மாஸ்டர் வாயிலிருந்த விசிலைக் கையில் எடுத்தார். “அம்பது சதுரம் ஆகாதும்மா. ஏழேழு நாப்பத்தொம்பது. அதை விட்டா எட்டெட்டு அறுபத்திநாலு. நடுவுல எதுவும் கிடையாது.”

“நூறு ஆகுமா?”

“நூறு ஆகும். பத்துக்குப் பத்து.”

“அதுல பாதிதானே சார் அம்பது? முழுசு சதுரம்னா அதுல பாதி மட்டும் எப்படி ஆகாமப் போகும்?”

 முதல் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் ஏழு வரிசையும் சிரித்தது. விசில் மாஸ்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. பரிதாபப்பட்டார்.

“வீட்டுக்குப் போங்கம்மா. பாப்பாகிட்ட கேளுங்க, அவளே சொல்லுவா.”

அவள் குழாயடிப் பக்கம் திரும்பினாள். பட்டன் தலையை இரண்டு முட்டிகளுக்கும் நடுவே புதைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் கடைக்கு வந்த பிள்ளை அம்மாவிடம் பேசவே இல்லை.  அம்மா ஒரு கால்சட்டைக்கு ஜிப் மாற்றுகிறேன் என்று உட்கார்ந்து அதைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டு, மறுபடியும் பிரித்தாள். கடைசியில் பட்டன்தான் வெடித்தாள்.

“யாரு உன்னை அங்க வரச் சொன்னா?”

“உனக்காகத்தாண்டி வந்தேன்.”

“எனக்காக வந்தா தெரிஞ்சுக்கிட்டு வரணும். எல்லாரும் ‘பாதிச் சதுரம், பாதிச் சதுரம்’னு கூப்பிடுறாங்க என்னை.”

பழைய பிஸ்கட் டப்பாவில் இருந்த வெள்ளைப் பட்டன்களை அவள் வெட்டுமேஜையில் கொட்டினாள். அவை உருண்டு ஓடாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். கோபமாகத்தான் செய்தாள். ஒவ்வொரு பட்டனையும் ஆணி அடிக்கிற மாதிரி மேஜையில் வைத்தாள்.

“இங்க பாரு. இது ஒண்ணு. ஒரு வரிசை, வரிசைக்கு ஒண்ணு. சதுரம். இப்போ ரெண்டு வைக்கிறேன். சதுரமா?”

“இல்ல.”

“மூணு?”

“இல்ல. ஒரு மூலை இல்ல.”

“நாலு?”

“ஆமா.”

“அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு... எதுவுமே வராது. எட்டுல பாரு, ஒரு மூலை மட்டும் ஓட்டையா நிக்குது. ஒம்பதுல அடைஞ்சிடும். அடுத்தது பதினாறுலதான். எந்த எண்ணை எடுத்தாலும், எத்தனை வரிசையோ வரிசைக்கு அத்தனை பேர் நிக்கணும். ஒருத்தர் கூடினாலும் போச்சு, குறைஞ்சாலும் போச்சு.”

“அப்போ நூறுல பாதி?”

 பட்டன் பக்கத்தில் கிடந்த சதுரமான கைக்குட்டைத் துணியை எடுத்து ஒருமுறை மடித்து அம்மாவின் முன்னால் போட்டாள். நீளமாகக் கிடந்தது அது. அம்மாவுக்கு முகம் சுட்டது. நாள் முழுக்கத் துணி மடிக்கிறவள்! சதுரத்தைப் பாதியாக மடித்தால் சதுரம் வராது என்று அவள் கைக்குத் தெரியும். வாய்க்குத்தான் அந்த நேரத்தில் தெரியாமல் போய்விட்டது. கோபத்தில் வாய் கையைக் கேட்டுக்கொண்டா பேசுகிறது?

அவள் அந்தத் துணியை இன்னொரு தடவை மடித்தாள். இப்போது சின்னதாக ஒரு சதுரம்.

“இது எத்தனை?” என்றாள்.

“நூறுல கால். இருபத்தஞ்சு.”

“அப்போ அம்பதுங்கிறது இது மாதிரி ரெண்டு.”

பட்டன் துணியைப் பார்த்தாள். பிறகு மேஜையில் இருந்த பட்டன்களில் ஐம்பதை மளமளவென்று எண்ணி, இரண்டாகப் பிரித்து அடுக்கினாள். இந்தப் பக்கம் ஐந்துக்கு ஐந்து. அந்தப் பக்கமும் ஐந்துக்கு ஐந்து. மிச்சம் ஒன்றுகூட இல்லை. 

“இன்னொண்ணும் இருக்கும்மா. ஏழுக்கு ஏழு பின்னாடி. முன்னாடி ஒருத்தி தனியா. ஒண்ணும் சதுரம்தானே. சார் தினமும் அதுலேர்ந்துதானே ஆரம்பிக்கிறாரு.”

“யாரையும் எடுக்கவே வேண்டியதில்லையா?”

“வேண்டியதில்ல.”

அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தில் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது. அப்படியென்றால் அந்த மனுஷன் ஏன் எடுத்தார்? அத்தனை வருஷமாகச் சதுரத்தையே கட்டிக்கொண்டு அழுகிறவருக்கு இது தெரியாதா?

மறுநாள் பள்ளிக்கு வந்தவள் இந்தத் தடவை மைதானத்துக்குள் போகவில்லை. பயிற்சி முடியும்வரை காத்திருந்து, விளையாட்டுச் சாமான் அறைக்குப் போனாள். தோல் பந்தும் வியர்வையும் கலந்து நாறுகிற அறை. விசில் மாஸ்டர் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். அவள் பேசப் பேச, சுற்றுவதை நிறுத்தாமல் கேட்டார்.

“ரெண்டு சதுரம் வேணாம்மா. மேடைக்கு நேரா நடுவுல ஒண்ணு இருந்தாத்தான் கம்பீரம். விருந்தினர் எந்தப் பக்கம் பார்ப்பாரு?”

“சரி, அப்போ பெரிய சதுரம் பின்னாடி, முன்னாடி ஒருத்தி.”

“ஒருத்தி எப்படிச் சதுரமாவா? ஒண்ணு ஒண்ணுதான்.”

“தினமும் ‘ஒண்ணு’ன்னு கத்தவச்சுத்தானே சார் ஆரம்பிக்கிறீங்க? அப்போ மட்டும் சதுரமா இருந்துச்சா?”

“அது தொடக்கம்.”

“சரி, பதினாலு பேரைக் கூடச் சேருங்க. எட்டுக்கு எட்டு ஆயிடும். அத்தனை பாவாடையும் நான் தைச்சுத் தரேன். ராப்பகலா உக்காந்து தைக்கிறேன்.”

கயிறு நின்றது. அவர் அவளை அண்ணாந்து பார்த்தார். அவள் உயரம் அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

“நீங்க கேட்டுத் தொலைக்கிறதால சொல்றேன்மா. மனசுல வச்சுக்காதீங்க. சதுரம்னா தரையில மட்டும் சதுரமா இருந்தாப் போதாது. மேலயும் மட்டமா இருக்கணும். எல்லாத் தலையும் ஒரே கோடு. உங்க பொண்ணு நடுவுல நின்னா கொடிக்கம்பம் நட்ட மாதிரி இருக்கு. முன்னாடி நின்னா பின்னாடி நிக்கிறவங்க மறைஞ்சு போறாங்க. நான் என்ன பண்ண? நல்ல பொண்ணுதான். உயரம்தான் ஒத்துவரல.”

“அப்போ சீட்டு குலுக்கிப் போட்டீங்களே?”

அவர் மறுபடியும் கயிற்றைச் சுற்றத் தொடங்கினார்.

“கணக்கு மேல பழி போட்டீங்களே சார், கணக்கு என்ன பாவம் பண்ணுச்சு? முதல்லயே நெட்டச்சி வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே! என் பொண்ணு தனக்குத்தான் அதிர்ஷ்டம் இல்லன்னு நினைச்சுக்கிட்டு இருந்தா. ஒரு சின்னப் பிள்ளையை ஏமாத்த சீட்டு, கணக்கு, சதுரம், எத்தனை வேஷம்!”

இன்னும் நிறையச் சொல்லியிருப்பாள். ஆனால் அவர் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார். அவளும் திரும்பினாள். வாசலில், பயிற்சிக்கு வைக்கிற பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்கி எடுத்துவந்த பட்டன் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. கூம்புகளைத் தரையில் ஓசைப்படாமல் வைத்துவிட்டு, “வாம்மா, போலாம்” என்றாள்.

வழியெல்லாம் அம்மா தன்னையே திட்டிக்கொண்டாள். சீட்டு என்ற பொய்யோடு இருந்திருந்தால் பிள்ளைக்கு ஒரு நாள் அழுகையோடு போயிருக்கும். உண்மையைத் தோண்டி எடுத்து அவள் காதிலேயே போட்டாயிற்று. பட்டன் அழவும் இல்லை. நிமிர்ந்து, எட்டி நடைபோட்டாள். அம்மாவே பின்தங்கி விட்டாள்.

அப்புறம் வீட்டில் டிரில் பேச்சு இல்லை. ஆனால் பட்டனுடைய பாவாடையை அம்மா பாதியில் விடவில்லை. மற்றப் பிள்ளைகளுடையதைத் தைத்து அனுப்பிய கையோடு, அதையும் விளிம்பு இறக்கி, கொக்கி வைத்து, இஸ்திரி போட்டு மாட்டினாள். ஏன் தைக்கிறாய் என்று கணவன் கேட்டதற்கு, துணி வீணாகக்கூடாது என்றாள். உள்ளுக்குள் ஒரு நப்பாசை. ஏதாவது நடக்கும், யாராவது மனசு மாறுவார்கள் என்று. அந்த நப்பாசை மேலும் அவளுக்குக் கோபம்தான்.

நடக்கவும் செய்தது. விளையாட்டு விழா அன்று காலை அவள் ஷட்டரைப் பாதி ஏற்றியிருந்தபோது, வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில். விசில் மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது.

“அம்மா, ஒரு பொண்ணுக்குக் காய்ச்சல். படுத்துட்டா. இப்போ நாப்பத்தெட்டுதான் இருக்கு.”

 அவரே சொல்லட்டும் என்று அவள் நின்றாள்.

“ஒரு மூலை ஓட்டையா நிக்கும்மா. நாப்பத்தெட்டு எதுக்குமே ஆகாது. மத்த பிள்ளைங்களுக்கு டிரில் தெரியாது. உங்க பொண்ணுக்கு எல்லாம் அத்துப்படி. அவளை அனுப்பணும். உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்.”

இந்த நிமிஷத்துக்காக அவள் எத்தனை வசனம் யோசித்து வைத்திருந்தாள்! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கால் தன்பாட்டில் உள்ளே போனது, கை தன்பாட்டில் ஹேங்கரில் இருந்த பாவாடையை எடுத்தது. வீட்டுக்கு ஏறுகிற மாடிப்படியைப் பார்த்து, “பட்டன்! கீழ வாடி, சீக்கிரம்!” என்று கூப்பிட்ட குரலில் அவ்வளவு சந்தோஷம். தன் குரல் அவளுக்கே அசிங்கமாக இருந்தது. இருந்தால் என்ன? பிள்ளை நிற்கப் போகிறாள்.

பட்டன் இறங்கிவந்து கடைசிப் படியில் நின்றாள். மாஸ்டர் மறுபடியும் எல்லாம் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, பிரியமாகவே சொன்னார்:

“கடைசி வரிசை, ஓரத்து மூலைதான் பாப்பா. முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்கோ. யாருக்கும் தெரியாது.”

அம்மாவின் கையில் இருந்த பாவாடை அப்படியே நின்றது.

அது அவளுடைய வார்த்தை. எழுத்துக்கூட மாறாமல் அவளுடைய வார்த்தை. இதே மேஜைக்குப் பக்கத்தில், இதே பாவாடைக்கு அளவெடுத்துக்கொண்டே அவள் சொன்னது. இந்த ஆள்மேல் அத்தனை நாளாக அவளுக்கு இருந்த கோபமெல்லாம் சட்டென்று திரும்பி அவள் மேலேயே வந்து விழுந்தது. இவர் இன்றைக்கு ஒரு தடவை சொன்னார். அவள் அன்றைக்கே, பெற்ற வாயால், யாரும் கேட்காமலே சொல்லியனுப்பினாள்.

“நாப்பத்தெட்டு சதுரம் ஆகாதுதான் சார்” என்றாள் பட்டன்.   “பன்னெண்டு பேரை எடுத்துடுங்க. முப்பத்தாறு ஆயிடும். ஆறுக்கு ஆறு. உங்களுக்குத்தான் எடுக்கத் தெரியுமே.”

மாஸ்டரின் முகம் சிவந்தது. “பெரியவங்ககிட்ட இப்படியா பேசுறது? அம்மா, நீங்க கொஞ்சம் சொல்லுங்க இவளுக்கு.”

“நான் ஏற்கெனவே சொல்லிட்டேன் சார்” என்றாள் அம்மா. “முட்டியை மடக்குன்னு உங்களுக்கு முன்னாடியே நான் சொன்னேன். அதுக்கு நான் அவகிட்ட என்ன பதில் சொல்லப் போறேன்னு தெரியல. நீங்க கிளம்புங்க. உங்களுக்கு நேரமாகுது.”

அவர் இன்னும் ஏதோ சொல்லப் பார்த்தார். அவள் ஷட்டரை மேலே முழுசாகத் தள்ளினாள். அது துருவேறிக் கத்திக்கொண்டே போய் உச்சியில் இடித்து நின்றது. மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போன பிறகுதான் பட்டன் படியில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டிப்பிடிக்கலாமா என்று தெரியாமல் பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“போயிருக்கணுமாம்மா?”

“உனக்குப் போகணும்னு இருந்துச்சா?”

“ரொம்ப” என்றாள் பட்டன். கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “பார்க்கவாவது போலாம். என் ஃபிரெண்ட்ஸெல்லாம் நிக்குறாங்க.”

கடையை மூடிவிட்டு, அப்பா ஓட்டுகிற பஸ்ஸிலேயே ஏறிப் போனார்கள். அவர் கண்ணாடியில் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார்.  மைதானத்துக்கு முன்னால், நிறுத்தம் இல்லாத இடத்தில், பிரேக் போட்டு இறக்கிவிட்டார்.

மேடைக்கு எதிர்ப்பக்கம், பார்வையாளர் படிக்கட்டில் நடுவாக இடம் கிடைத்தது. மேளம் தொடங்கியது. முதல் பெண் ஓடிவந்து தனியாக நின்றாள். “ஒண்ணு!” மூன்று பேர் சேர்ந்தார்கள். “நாலு!” பட்டன் உதட்டுக்குள்ளேயே கூடவே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒம்பது. பதினாறு. இருபத்தஞ்சு. மாஸ்டர் நிஜமாகவே பன்னிரண்டு பேரை எடுத்திருப்பாரோ என்று அம்மா எண்ணிக்கொண்டே பார்த்தாள். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அம்மா இருப்பாளே. முப்பத்தாறு. அப்புறமும் ஓட்டம் நிற்கவில்லை. கடைசிக் கூட்டம் ஓடிவந்து இரண்டு பக்கமும் வளைத்தது.

“நாப்பத்தொம்பது!” என்று கத்தினார்கள்.

கூட்டம் கைதட்டியது. சதுரம் முழுசாக இருந்தது. மூலையில் ஓட்டை இல்லை.

“யாரும்மா அந்த மூலையில?” என்றாள் பட்டன்.

அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கடைசி வரிசை, ஓரத்து மூலை. வெள்ளைக் கால்சட்டை. கழுத்தில் விசில். விசில் மாஸ்டர் தன்னுடைய ஒரு மூலையை விட்டுக்கொடுக்க முடியாமல் தானே போய் நின்றுவிட்டார். தலை மட்டத்துக்கு வர வேண்டுமே, இரண்டு முட்டியையும் நன்றாக மடக்கி, கிட்டத்தட்ட உட்கார்ந்த மாதிரி நின்றுகொண்டு, கையைத் தூக்கினார், இறக்கினார், திரும்பினார். மேடையிலிருந்து பார்த்தால் தெரிந்திருக்காது. பின்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு எல்லாம் தெரிந்தது. அவருடைய தொடை நடுங்குவதுகூடத் தெரிந்தது.

சிரிப்பு வரும் என்றுதான் அம்மா நினைத்தாள். வரவில்லை. அந்த நடுக்கம் எங்கே ஆரம்பித்து எங்கே ஏறும் என்று அவளுடைய முட்டிக்குத் தெரியும். பட்டனும் சிரிக்கவில்லை. அவள் மெதுவாக எழுந்து நின்றாள். முழு உயரத்துக்கும் நின்றாள்.

“ஏய், உக்காருப்பா! பின்னாடி மறைக்குது” என்று மேல்படியிலிருந்து ஒரு குரல் வந்தது.

பட்டனின் தோள் லேசாகக் குறுகியதை அம்மா பார்த்தாள். முட்டி மடங்கப்போகிற அந்த நொடியையும் பார்த்தாள். அவள் எழுந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றாள். இருக்கிற உயரம் அத்தனைக்கும் நின்றாள். பின்னால் இன்னும் நாலைந்து பேர் சத்தம் போட்டார்கள்.

“மறைக்கட்டும்” என்றாள் திரும்பாமலே.